மேக்குச் சீட்டு

ஆடி மாதத்தில் சாத்தூருக்கு மேற்கே காற்று கிளம்பிவிட்டால் ஊரே கண்ணை இடுக்கிக்கொண்டு நடக்கும். மாரிச்செல்வி மட்டும் காற்றுக்கு எதிரே நின்று கண்ணைத் திறந்து பார்ப்பாள். மண் விழுந்து, நீர் வழிந்து, மூக்குச் சிவந்து, எழவு வீட்டிலிருந்து நேராக வந்தவள் மாதிரி இருப்பாள்.

"யாருக்கு என்ன ஆச்சு செல்வி?" என்று பதறிக் கேட்டவர்கள் உண்டு.

"எங்க காடு ஊரை விட்டுக் கிளம்பிருச்சு. வழியனுப்ப வந்தேன்" என்பாள்.

அங்கே காடு என்றால் புலி கிடக்கிற காடு இல்லை. மழையை நம்பி விதைக்கிற புஞ்சை. அது கிளம்பிப் போனது நிஜம்தான். உழுது போட்ட மேல்மண் ஆடி முழுக்கப் புகையாக எழும்பி, கிழக்கே நாலுவழிச் சாலையில் போகிற பஸ்களுக்குள் ஜன்னல் வழியாக ஏறி, டிக்கெட் வாங்காமல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய்க்கொண்டிருந்தது.

மாரிச்செல்விக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பட்டாசுக் கம்பெனியில் தாள்குழாய் உருட்டுகிற வேலை. படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. வறுமைதான் காரணம் என்று வெளியே சொல்வாள். கணக்கு டீச்சரின் கைப்பைக்குள் ஓணான் விட்ட கதை வீட்டாருக்கு மட்டும் தெரியும். புருஷன் பாண்டி லோடு வேன் ஓட்டுகிறவன். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் டீசல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர்: அண்ணன் முனியராஜ், தம்பி சின்னச்சாமி.

அப்பா சங்கிலிமுத்து சாகும்போது விட்டுப்போனது ஒன்பது ஏக்கர். வடக்கே கரிசல், நடுவே செவல், தெற்கே மணல். மகளுக்கும் சமபங்கு என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். "ஒருத்தனுக்குக் கரிசல், ஒருத்தனுக்கு மணல்னா நாளைக்கு அடிச்சுக்கிடுவீக" என்று ஒவ்வொரு மண்ணையும் மூன்றாகக் கீறிக் கொடுத்தார். ஒன்பது ஏக்கரும் ஒன்பது நாக்காக ஆனது. ஒவ்வொரு நாக்கும் இருபது மீட்டர் அகலம். மேற்கிலிருந்து கிழக்கே இருநூறு மீட்டர் நீளம். ஆளுக்கு மூன்று நாக்கு, மூன்று இடத்தில்.

அந்த அகலத்தில் டிராக்டரைக் குறுக்கே திருப்ப முடியாது. நீளவாக்கில்தான் உழ வேண்டும். மேற்கே இருந்து வருகிற காற்றுக்கு, 'இந்தா, இப்படியே போ' என்று சால் சாலாக ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி. மரம் வைத்துத் தடுக்கலாம் என்றால், இவர் வரப்பில் வைத்த மரத்தின் நிழல் அவர் நாக்கில் விழும். "உன் மரம் என் உளுந்தைத் திங்குது" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்குப் பயந்து மூன்று பேரும் ஒரு முருங்கைக் குச்சிகூட ஊன்றவில்லை. எவ்வளவு நியாயமாகப் பிரித்தார்களோ அவ்வளவு வேகமாகப் பறந்தது நிலம்.

யோசனை கம்பெனியில்தான் வந்தது. அங்கே மேற்கு வேலி ஓரம் வேம்பும் புங்கையுமாக ஒரு மரவரிசை நிற்கும். மருந்து கலக்கிற அறைப் பக்கம் மணல் வந்துவிடக் கூடாது. "மருந்துல மண்ணு சேந்தா உரசும். உரசுச்சுன்னா…" என்பார் போர்மேன். அதற்கு மேல் வாயால் சொல்ல மாட்டார். கையை வானத்துப் பக்கம் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

மரவரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தாள் பறப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எதுவரை பறப்பதில்லை என்று பார்த்தது மாரிச்செல்விதான். ஒரு சாப்பாட்டு நேரத்தில், மரத்தடியிலிருந்து பத்துத் தப்படிக்கு ஒரு குச்சி ஊன்றி, வீணாய்ப்போன கலர்த்தாளைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டினாள்.

"என்ன செல்வி, காத்துக்குத் தோரணம் கட்டுறியா?" என்று கேலி செய்தார்கள் கூட வேலை பார்க்கிற பெண்கள்.

"இல்லக்கா. மரத்துல முட்டுன காத்து எம்புட்டுத் தூரம் மயங்கிக் கிடக்குன்னு பாக்கேன்."

மரத்தின் உயரத்தைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு தூரம் வரை தாள்கள் சோம்பிக் கிடந்தன. அதற்கு அப்பால்தான் படபடத்தன. பத்து மீட்டருக்கு மரம் வளர்த்தால் தங்கள் காட்டில் முக்கால்வாசி தப்பிக்கும் என்று கணக்குப் போட்டாள். டீச்சர் கேட்டிருந்தால் ஓணானை மன்னித்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணனையும் தம்பியையும் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். குச்சியால் தரையில் ஒன்பது நாக்கையும் கீறினாள். பிறகு எல்லாவற்றையும் காலால் அழித்துவிட்டு, தெற்கு வடக்காக இரண்டே கோடு இழுத்தாள்.

"இப்ப பாரு அண்ணே. மேக்க ஒரு துண்டு, நடுவுல ஒரு துண்டு, கிழக்க ஒரு துண்டு. எதை எடுத்தாலும் கரிசல் ஒரு ஏக்கர், செவல் ஒரு ஏக்கர், மணல் ஒரு ஏக்கர் இருக்கு. அப்பா பேச்சும் கெடல. ஒரே துண்டாயிட்டா தெக்கு வடக்கா உழலாம், காத்துக்குக் குறுக்க. மேக்கு ஓரம் பூராம் மரம் வச்சிட்டா அது மூணு காட்டையும் காக்கும்."

முனியராஜ் கோடுகளைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் எந்தப் பேச்சிலும் முள் இருக்கிற இடத்தில் முதலில் கை வைப்பான்.

"மேக்குத் துண்டு யாருக்கு?"

கேள்வி அதுதான். மேற்குத் துண்டுக்காரர் காற்றை முதலில் வாங்க வேண்டும். மரம் வளரும்வரை அவர் மண்தான் அதிகம் போகும். வளர்ந்த பிறகு நிழலுக்கும் வேருக்கும் பதினைந்து மீட்டர் அகலம் விளைச்சல் இல்லாமல் போகும்.

"மரம் நிக்கிற பதினஞ்சு மீட்டரை மூணு பேருக்கும் பொதுன்னு விட்டுருவோம். மிச்சத்தைப் பிரிப்போம்" என்றாள் மாரிச்செல்வி.

"பொதுன்னு எழுதினா ஒருத்தன் தண்ணி ஊத்த மாட்டான், அம்புட்டுப் பேரும் விறகு ஒடிப்பான். சீட்டுப் போடுவோம். யாருக்கு எதுன்னு சாமி குடுக்கட்டும்" என்றான் முனியராஜ்.

அவளுக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஊர்க்காவலன் சாமி பீடத்தின் முன்னால் ஒரு செம்பில் மூன்று சீட்டு கிடந்தது. எழுதி மடித்துக் கொண்டுவந்தவன் முனியராஜ். சூடத்தைக் கொளுத்திவிட்டு, "பொம்பளப்பிள்ள, நீ மொதல்ல எடு தாயி" என்றான். எடுத்துப் பிரித்தாள். 'மேக்கு' என்று இருந்தது.

முனியராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் செம்பைக் கவிழ்த்து, மிச்சம் இரண்டு சீட்டையும் எரிகிற சூடத்தில் போட்டான். "கஷ்டமான துண்டைத் தங்கச்சி ஏத்துக்கிட்டா. இனி நாங்க ரெண்டு பேரும் சாமியத் தொந்தரவு பண்ணணுமா? தம்பி கிழக்க எடுத்துக்கிடட்டும். நான் நடுவுல, செல்வி காட்டுக்குப் பக்கத்துல கிடக்கேன்."

மாரிச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேற்குத் துண்டு கிடைத்ததற்கு இல்லை. அண்ணன் பக்கத்தில் இருக்கிறேன் என்றதற்கு.

நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டதாகப் பத்திரம் எழுதிப் பதிந்தார்கள். அந்தச் சீட்டை அவள் வீட்டில் சாமி படத்தின் கீழ் ஒட்டி, வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைத்தாள்.

பிறகு ஆறு வருடம்.

மேற்கு ஓரம் அறுபது கன்று நட்டாள். தீக்குச்சிக் கம்பெனிகள் வாங்குகிற பெருமரம் ஒன்று, வேம்பு ஒன்று என்று மாற்றி மாற்றி. பெருமரம் சீக்கிரம் எழும்பும், வேம்பு நின்று காக்கும். முதல் இரண்டு கோடையும் வேலை விட்டு வந்து, பாண்டியின் வேனில் நீல டிரம் ஏற்றிக்கொண்டு போய் மரத்துக்கு ஒரு குடம் ஊற்றினாள். ஆடு கடித்த கன்றுக்குச் சாணி பூசினாள். கடித்த ஆட்டுக்காரனுக்கு ஊர் கேட்கப் பூசை வைத்தாள். ஒரு கன்று பட்டுப்போனால் இரண்டு நாள் யாரோடும் சிரிக்க மாட்டாள். கேட்டால் பல்வலி என்பாள்.

மரங்கள் எழும்பின. நாலாவது ஆடியில் மண் நின்றது. மரத்தை ஒட்டிய அவள் கம்புப் பயிர் சோகையாகக் குட்டையாக நிற்க, நடுத்துண்டில் முனியராஜ் போர்வெல் போட்டு மிளகாய் வைத்தான். முன்பெல்லாம் ஆடியில் நாற்று நட்டால் மணல் அடித்தே இலை கிழிந்துவிடும். இப்போது இலை அசையக்கூட யோசித்தது. கிழக்கே சின்னச்சாமி கத்தரி போட்டு, வருடத்துக்கு ஒரு சட்டை கூடுதலாக எடுத்தான். முதல் பறிப்பில் ஒரு கூடை மிளகாய் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிடும். அவள் அதைக் கம்பெனிக்கு எடுத்துப் போய், "எங்க அண்ணன் காட்டு மிளகாய்" என்று பங்கு வைப்பாள். "உன் மரத்து நிழல்ல காய்ச்சதுன்னு சொல்லு" என்பார்கள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள்.

இந்த வருடம் வைகாசியில் சின்னச்சாமியின் மகள் ஓவியாவுக்குக் காதுகுத்து. மத்தியானப் பந்தி முடியும் நேரம். சின்னச்சாமி மாமன்மாரோடு வேனுக்குப் பின்னால் இரண்டு தடவை போய்விட்டு வந்திருந்தான். வந்தவன் மாரிச்செல்வியின் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"எங்க அக்கா இல்லேன்னா எம் மக காதுல தோடு ஏது? அம்புட்டும் அக்கா மரம்! அண்ணே, ஆறு வருசமாச்சு, இனி சொல்லிருவமா?"

"பேசாமப் போயிப் படுலே" என்றான் முனியராஜ்.

"என்னண்ணே, நம்ம அக்காதானே! அக்கா, நீயும் சிரிப்ப. அந்தச் சீட்டு எழுதும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். மூணுலயும் மேக்கு! நீ எதை எடுத்தாலும் மேக்குதான். அதுலயும் அண்ணன் ஒரு சீட்டுல 'மேகு'ன்னு எழுதிட்டான். 'ஏண்ணே, சாமிக்கே புரியாதே'ன்னு நான்தான் நடுவுல 'க்' போட்டுத் திருத்துனேன்!"

சாம்பார் வாளியோடு நின்ற முனியராஜின் மனைவி தங்கத்தாய் சிரித்தாள். பக்கத்து இலைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏற்கெனவே தெரிந்த நகைச்சுவைக்குச் சிரிக்கிற சிரிப்பு. மாரிச்செல்வியும் சிரித்தாள், சிரிப்பது அவளுக்குப் பழக்கம். வாயில் பாயசம் இருந்தது.

"மூணுலயுமா?" என்றாள்.

அப்போதுதான் மற்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவள் எண்ண வேண்டியிருக்கவில்லை.

"குடிகாரப் பய உளர்றான். நீ சாப்பிடு தாயி" என்றான் முனியராஜ்.

வீட்டுக்கு வந்ததும் சாமி படத்தின் கீழிருந்து சீட்டைப் பிய்த்தெடுத்து, வாசல் வெளிச்சத்தில் வைத்துக் குங்குமத்தைச் சுரண்டினாள். 'மே'யும் 'கு'வும் நீல மையில் இருந்தன. நடுவில், பஸ்ஸில் மூன்றாவது ஆளாக இடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி, ஒரு 'க்'. பென்சிலில். மூன்றில் அவள் எடுத்தது தம்பி திருத்திய சீட்டு. ஒருத்தன் எழுத, ஒருத்தன் திருத்த, அவள் ஆறு வருடமாகக் குங்குமம் வைத்திருக்கிறாள்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள் பாண்டியிடம். "'செல்வி, உனக்குக் கம்பெனி வேலை இருக்கு. எங்களுக்குக் காட்டை விட்டா வேற இல்ல. மேக்கை நீ வச்சுக்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல? சந்தோசமாக் குடுத்திருப்பேங்க."

பாண்டி சீட்டை வாங்கிப் பார்த்தான்.

"வெட்டிருவோம்" என்றான்.

மறுவாரம் மர புரோக்கர் வந்தார். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். "அறுபதும் தானே?" என்றார். மாரிச்செல்வி ஒரு வேம்பின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். அது ஆடு கடித்துப் பிழைத்த மரம்.

"நாலு" என்றாள்.

"நாலு மரத்துக்கு லாரி கொண்டாரச் சொல்றியாம்மா?"

"குட்டி யானை வண்டியில ஏத்திக்கங்க. எந்த நாலுன்னு நான் காட்டுறேன்."

மரவரிசையில் ஒரு வாசல் விட்டால், காற்று மொத்தமும் அந்த வாசலுக்கு முண்டியடித்து, இரண்டு மடங்கு வேகத்தில் நுழையும். கம்பெனி மேற்கு கேட்டைத் திறந்து போட்டிருந்த ஒரு நாளில் அதைப் பார்த்திருக்கிறாள். தாள்கட்டே உருண்டது. வடக்கு ஓரத்தில், அண்ணனின் மிளகாய்க்கு நேர் எதிராக, அடுத்தடுத்து நின்ற நாலு மரத்தைக் காட்டினாள். அவை விழும்போது வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஆனியில் முனியராஜ் மிளகாய் நாற்று நட்டான். வரிசையில் இருந்த ஓட்டையைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும் என்று பயந்திருப்பான். ஆடி பிறந்தது.

ஆடி இரண்டாம் ஞாயிறு பார்க்கப் போனாள். சிரிக்க வேண்டும் என்றுதான் போனாள். வழியில் ஒத்திகைகூடப் பார்த்தாள். அவள் நினைத்தது நினைத்தபடி நடந்திருந்தது. வாசலுக்கு நேராக இருந்த மிளகாய்ச் செடிகள் கிழக்கே சாய்ந்து, இலை நார் நாராகக் கிழிந்து கிடந்தன. தலையைப் பிடித்து முறித்த மாதிரி. ஓட்டைக்கு இரு பக்கமும் இருந்த செடிகள் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து நின்றன.

சிரிப்பு வரவில்லை. செடி என்ன பண்ணும்.

குனிந்து ஒரு செடியை நிமிர்த்தப் பார்த்தாள். நிமிரவில்லை. தண்டு பாதி வரை மண்ணில் புதைந்திருந்தது. கருப்பு மண், புதுசு. விரலால் கிளறினாள். வேப்பங்கொட்டை வந்தது. வேப்பஞ்சருகு வந்தது. முனியராஜ் காட்டில் ஏது வேம்பு?

திரும்பி நடந்து தன் துண்டுக்கு வந்தாள். வெட்டிய நாலு அடிமரத்துக்குப் பின்னால், ஒரு ஜாண் ஆழத்துக்குத் தரையைக் காற்று வழித்திருந்தது. கீழே சுக்கான் கல் பல்லைக் காட்டியது. ஆறு வருடம் சருகு விழுந்து மக்கிச் சேர்ந்த மண். இரண்டு வாரத்தில் கிளம்பிப் போய் அண்ணன் காட்டில் உட்கார்ந்துவிட்டது. அவனுக்கு ஒரு பருவம் மிளகாய் நட்டம். அவள் மண்ணோ அவனுக்கு நிரந்தர லாபம். பழிவாங்கியதிலும் மேற்குச் சீட்டு அவளுக்குத்தான் விழுந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவள் கடப்பாரையோடு திரும்பி வந்தபோது பைக் சத்தம் கேட்டது. முனியராஜ் வந்து, வரப்பில் நிறுத்திவிட்டு, சாய்ந்த செடிகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இரண்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை.

"செல்வி, அந்த இடத்தை அடைச்சிரு தாயி. மிளகா பூராம் போச்சு."

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். சொல்லுவியா?"

"கேளு."

"அன்னைக்குச் சீட்டுல என்ன எழுதுன?"

அவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். உதறிய தூசியைக் காற்று எடுத்துக்கொண்டு போனது.

"மேக்கு, நடு, கிழக்கு. வேறென்ன எழுதுவாக? அந்தக் குடிகாரப் பய சொன்னதைப் போயி மனசுல வச்சுக்கிட்டு மரத்தை வெட்டிருக்கியே. ஊர்க்காவலன் சாமி குடுத்த சீட்டு தாயி அது."

சீட்டு அவள் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. எடுத்து நீட்டினால், பென்சில் 'க்'கைப் பார்த்ததும் அவன் ஒத்துக்கொண்டிருப்பான். நீட்டவில்லை. பிடித்து வைத்துக் கேட்டால் திருடன்கூட உண்மையைச் சொல்லிவிடுவான். அண்ணன் தானாகச் சொல்வான் என்று இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ தரம் அவன் குரலிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறாள். 'தப்புத்தான் செல்வி' என்று இரண்டே வார்த்தை. அந்த இரண்டுக்காகத்தான் அறுபதை வெட்டாமல் நாலோடு நிறுத்தினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்து, நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். குரல் லேசாகியது.

"கன்னு வேணும்னா நான் வாங்கியாறேன். நம்ம காடுதானே."

மாரிச்செல்வி சேலையை இடுப்பில் செருகினாள். பாண்டி காலையிலேயே இறக்கிப் போட்டிருந்த பனையோலைப் படலை இழுத்து, ஓட்டையின் ஒரு பக்கத்து வேம்பில் சாய்த்தாள். மழை விழுந்து கன்று பிடிக்கும்வரை படல்தான் காக்க வேண்டும். கடப்பாரையை எடுத்து முதல் குழிக்கு அளவு பார்த்தாள்.

"கன்னு இருக்கு. நீங்க சிரமப்பட வேணாம்" என்றாள். "உங்க காட்டுக்கு இனி மண்ணு வராது. நீங்க கிளம்புங்க."

முனியராஜ் பைக் பக்கம் திரும்பியவன் நின்றான். அந்த வீட்டில் கூடப்பிறந்தவர்களை யாரும் நீங்க, வாங்க என்று சொன்னதில்லை. அப்பா சாகக் கிடந்தபோதும், பங்கு பிரித்தபோதும், ஆத்திரத்தில் மண்ணை வாரி எறிந்துகொண்ட வயதிலும் வா, போ, நீதான். 'நீங்க' என்பது மர புரோக்கருக்கு, போர்மேனுக்கு, பத்திரம் எழுதுகிறவருக்கு.

"என்ன செல்வி, புதுசா…" என்று ஆரம்பித்தான்.

"வெயில் ஏறுது. பாத்துப் போங்க" என்றாள் மாரிச்செல்வி. சுக்கான் கல்லில் கடப்பாரை விழுந்து தீப்பொறி தெறித்தது. இரண்டாவது குத்துக்கு அவள் நிமிர்ந்தபோதும் அவன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான். அவள் குழியைப் பார்த்துக் குத்தினாள்.